உயிலின் ஓரத்தில் எழுதியது செல்லுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் சட்டக் கேள்வி–பதில் பகுதியில் சென்ற ஞாயிற்றுக்கிழமை வெளிவந்த ஒரு பதிலைப் பற்றி இதை எழுதுகிறேன். எண்பது வயதைக் கடந்த தம் தந்தை, முன்பே பதிவு செய்த உயிலை எடுத்து, இரண்டு இடங்களில் தம் கைப்படவே அடித்துத் திருத்தி, பக்கத்தில் சுருக்கொப்பமும் இட்டு வைத்திருக்கிறார் என்றும், அந்தத் திருத்தம் பிற்காலத்தில் செல்லுமா என்றும் ஒரு வாசகர் கேட்டிருந்தார். எழுத்து தந்தையுடையதுதான் என்று நிரூபிக்க முடிந்தால் கவலைப்பட வேண்டியதில்லை என்ற பொருளில் பதில் தரப்பட்டிருந்தது. அந்தப் பதில் தவறானது. அதை நம்பி ஒரு குடும்பம் சும்மா இருந்துவிட்டால், அந்தப் பெரியவரின் விருப்பம் அவரோடு போய்விடும் என்பதால், இயன்றவரை விரைவில் திருத்தம் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நான் வழக்கறிஞன் அல்லன். ஒரு சிவில் வழக்கறிஞரின் அலுவலகத்தில் 34 ஆண்டுகள் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவன். உயில்களைத் தட்டச்சு செய்திருக்கிறேன், சாட்சிக் கையொப்பம் இட்டிருக்கிறேன், நகல் மனுப் போட்டு வாங்கியிருக்கிறேன், அவற்றின் பேரில் நடந்த வழக்குகளின் கட்டுகளைச் சுமந்து நீதிமன்றப் படி ஏறியிருக்கிறேன். இந்த ஒரு விஷயத்தில் என் சொந்தக் குடும்பத்திலேயே இழப்பு நேர்ந்திருப்பதால் சற்று விரிவாக எழுதுவதைத் தாங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் சட்டம். இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925-இன் 63-ஆவது பிரிவின்படி, உயில் எழுதுகிறவர் அதில் கையொப்பமிட வேண்டும் அல்லது கைநாட்டு வைக்க வேண்டும். அவரால் இயலாதபோது அவர் முன்னிலையில், அவர் சொல்ல, வேறொருவர் ஒப்பமிடலாம். இரண்டு சாட்சிகளாவது இருந்தாக வேண்டும். அந்தச் சாட்சிகள் ஒவ்வொருவரும், எழுதியவர் கையொப்பமிடுவதைக் கண்ணால் கண்டிருக்க வேண்டும் அல்லது இது என் கையொப்பம்தான் என்று அவரே சொல்லக் கேட்டிருக்க வேண்டும். அதன் பிறகு அவர் முன்னிலையில் தாமும் கையொப்பமிட வேண்டும். சாட்சிகள் இருவரும் ஒரே நேரத்தில் கூடியிருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. உயிலில் என்ன எழுதியிருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதும் இல்லை. இவ்வளவும் நடந்தால்தான் அந்தத் தாள் உயில்.

அப்படி முறையாக முடிந்த உயிலில் பிறகு கைவைத்தால் என்ன ஆகும் என்பதைத்தான் அதே சட்டத்தின் 71-ஆவது பிரிவு சொல்கிறது. கையொப்பமும் சாட்சியும் முடிந்த பிறகு செய்த அடித்தலுக்கும், இரு வரிகளுக்கு நடுவே நுழைத்த எழுத்துக்கும், வேறு எந்தத் திருத்தத்துக்கும், அந்தத் திருத்தமும் உயிலைப் போலவே கையொப்பமும் இரண்டு சாட்சியும் பெற்றிருந்தாலொழிய, எந்த விளைவும் கிடையாது. இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு: முன்பிருந்த சொற்களோ அவற்றின் பொருளோ படிக்கவே முடியாதபடி அழிந்துபோயிருந்தால், அந்த அளவுக்கு மட்டும் அவை இல்லாதவை ஆகும். 1927 ஜனவரி 1 முதல் இந்துக்கள், பௌத்தர்கள், சீக்கியர்கள், சமணர்கள் எழுதும் உயில்களுக்கும் இந்தப் பிரிவுகள் பொருந்தும், கிறிஸ்தவர்களுக்கும் இவையே. முஸ்லிம்களின் உயிலுக்கு அவர்களுடைய தனிச்சட்டம். அங்கே வாய்மொழி உயிலும் செல்லும் என்பதால், நான் இங்கே எழுதுவது அவர்களுக்குப் பொருந்தாது.

ஆகவே அந்த வாசகரின் கேள்வியில், எழுத்து யாருடையது என்ற விசாரணைக்கே இடமில்லை. எழுத்து தந்தையுடையது என்று ஊரே ஒப்புக்கொண்டாலும், கைரேகை நிபுணரும் கையெழுத்து நிபுணரும் ஒருங்கே வந்து சொன்னாலும், இரண்டு சாட்சி இல்லாத திருத்தம் வெறும் மைதான். இதை நான் புத்தகத்திலிருந்து மட்டும் சொல்லவில்லை.

2009-இல் என் பெரியம்மா உயில் எழுதினார். தட்டச்சு செய்தவன் நான். சாட்சிகளில் ஒருவனும் நானே. இன்னொரு சாட்சி அடுத்த வீட்டுத் தமிழாசிரியர். பச்சை லெட்ஜர் தாளில் மூன்று பக்கங்கள். பதிவு செய்யவில்லை. மூன்று கட்டு வீடு முழுவதும் அவர் மகனான அண்ணனுக்கு. வங்கியில் இருந்த வைப்புத்தொகை அவர் மகளான தங்கைக்கு. நான்கு வளையல்கள் அண்ணன் மகளுக்கு. இவற்றில் சொல்லாமல் விடுபட்ட மற்றவை பிள்ளைகள் இருவருக்கும் சமம். தங்கை அப்போது கணவரோடு வசதியாக வெளியூரில் இருந்தார். அந்த ஏற்பாட்டில் யாருக்கும் குறை இல்லை.

2013-இல் தங்கை கணவரை இழந்து, பள்ளியில் படிக்கும் மகளோடு தாய்வீடு திரும்பி, பின்கட்டில் குடியிருந்தார். அடுத்த தை மாதத்தில் பெரியம்மா பீரோவிலிருந்து உயிலை எடுத்திருக்கிறார். இரண்டாம் பக்கத்தில் ‘முன்கட்டு, நடுக்கட்டு, பின்கட்டு’ என்று நான் தட்டச்சு செய்திருந்த வரியில், ‘பின்கட்டு’ என்ற சொல்லின் மேல் ஒரே ஒரு கோடு இழுத்திருக்கிறார். இடது ஓரத்தில் நீல நிறப் பேனாவால், பின்கட்டும் கிணறும் கொல்லையும் என் மகளுக்கு, இதை மனப்பூர்வமாக எழுதுகிறேன் என்று நாலு வரி எழுதி, அதன் கீழே முழுக் கையொப்பமும் தேதியும் இட்டிருக்கிறார். எழுத்தில் நடுக்கமே இல்லை. தமிழை நன்றாக எழுதக் கற்ற தலைமுறைப் பெண்மணி. ஒவ்வொரு புள்ளியும் அதனதன் இடத்தில் இருந்தது. மூன்றாம் பக்கத்தில் வளையல்களைப் பற்றிய வரியை மட்டும் வேறு விதமாகக் கையாண்டிருந்தார். மேலும் கீழுமாகப் பலமுறை கிறுக்கி, தாளின் பின்புறம் விரலால் தடவினால் மேடு தட்டும்படி அழித்திருந்தார். ஏன் அப்படிச் செய்தார் என்பது எங்களில் யாருக்கும் இன்றுவரை தெரியாது.

நான் அப்போது அதே ஊரில், நாலு தெரு தள்ளி இருந்தேன். தமிழாசிரியர் அடுத்த வீட்டில் இருந்தார். ஒரு குரல் கொடுத்திருந்தால் இருவரும் வந்து அந்த ஓரத்தில் கையொப்பமிட்டிருப்போம். இரண்டு நிமிட வேலை. அவர் எங்களைக் கூப்பிடாததற்குக் காரணம், கூப்பிட வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. தெரியாததற்குக் காரணம், 2009-இல் உயிலைத் தட்டச்சு செய்து கையில் கொடுத்த நான் அதைச் சொல்லவில்லை. இனிமேல் இதில் ஏதாவது மாற்ற நினைத்தால் என்னைக் கூப்பிடுங்கள் என்ற ஒரு வாக்கியத்தை நான் சொல்லியிருக்க வேண்டும். நூற்றுக்கணக்கான உயில்களைத் தட்டச்சு செய்தவன், ஒருவரிடமும் அதைச் சொன்னதில்லை.

2017-இல் பெரியம்மா காலமானார். சமாதானம் பேசிப் பார்த்தும் முடியாமல் தங்கை வழக்குத் தொடுத்தார். அண்ணன் கெட்டவர் அல்லர். வீடு முழுவதும் தமக்கு வரும் என்ற நம்பிக்கையில் கடன் பட்டிருந்தார். அவருடைய பிள்ளைகளும் விட்டுக்கொடுக்க இணங்கவில்லை. குறுக்கு விசாரணையில் தங்கையின் வழக்கறிஞர் உயிலைக் காட்டி, ஓரத்தில் இருப்பது யாருடைய எழுத்து என்று கேட்டார். அம்மாவுடைய எழுத்துதான் என்றார் அண்ணன். கையொப்பம்? அதுவும் அம்மாவுடையதுதான். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த தங்கையின் முகத்தில் அந்த நேரத்தில் தெரிந்த வெளிச்சத்தை என்னால் மறக்க முடியாது; வழக்கு முடிந்துவிட்டது என்றே அவர் நினைத்தார். அதற்கு முன்பே உயிலின் சாட்சியாக என்னை விசாரித்திருந்தார்கள். 2009-இல் நடந்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். கடைசியில், ஓரத்தில் இதை எழுதியபோது நீங்களோ மற்றச் சாட்சியோ உடன் இருந்தீர்களா, பிறகாவது உங்களிடம் காட்டி ஒப்புக்கொண்டாரா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அந்த ஒரு சொல்தான் தீர்ப்பு.

ஒரே கோட்டால் அடித்திருந்த ‘பின்கட்டு’ என்ற சொல் கோட்டுக்கு அடியில் தெளிவாகப் படிக்கும்படி இருந்ததால், அந்த அடித்தலுக்கு விளைவு இல்லை. வீடு முழுவதும் அண்ணனுக்கே என்று ஆயிற்று. ஓரத்து எழுத்துக்கும் விளைவு இல்லை. வளையல் வரியோ சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தும், உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தும் படிக்க முடியாமல் இருந்ததால், 71-ஆவது பிரிவின் விலக்கு அதற்குப் பொருந்தி, வளையல்கள் விடுபட்ட பொருள்களோடு சேர்ந்து இருவருக்கும் பாதிப் பாதி ஆயின. மனப்பூர்வமாக என்று எழுதித் தேதியிட்டுக் கையொப்பமிட்டது செல்லவில்லை. ஒரு வார்த்தைகூட எழுதாமல் கிறுக்கியது செல்லுபடியாயிற்று. இதைக் கேட்கிறவர்களுக்கு விசித்திரமாகத் தோன்றும். ஆனால் சட்டத்தின் ஒரே பிரிவின் இரண்டு பாதிகள் ஒரே உயிலில் வேலை செய்த விதம் அதுதான். தங்கை இப்போது வாடகை வீட்டில் இருக்கிறார்.

இவ்வளவு நடந்த பிறகும் அந்தச் சட்டப் பிரிவை நான் குறை சொல்ல மாட்டேன். மற்ற ஆவணங்களில் எழுதியவரைக் கூப்பிட்டு நீங்கள் என்ன நினைத்து எழுதினீர்கள் என்று கேட்கலாம். உயில் பேசத் தொடங்கும்போது எழுதியவர் உயிரோடு இருக்கமாட்டார். தலையணைக்கு அடியில் இருந்த தாளில் யார் எப்போது என்ன எழுதச் சொன்னார்கள், மருந்து மயக்கத்தில் எழுதியதா, பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் சொல்லச் சொல்ல எழுதியதா என்பதைச் சொல்ல அந்த இரண்டு சாட்சிகளைத் தவிர வேறு ஆள் கிடையாது. 1958 நவம்பரில், மைசூரிலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் வலியுறுத்தியது: உயிலைச் சுற்றிச் சந்தேகத்துக்கு இடமான சூழ்நிலைகள் இருந்தால், அவற்றையெல்லாம் நீக்கி நீதிமன்றத்தின் மனச்சான்றை நிறைவுபடுத்தும் பொறுப்பு, உயிலை முன்வைக்கிறவரைச் சேர்ந்தது. இன்றும் உயில் வழக்குகளில் அந்தத் தீர்ப்பே முதலில் எடுத்துக்காட்டப்படுகிறது. சாட்சியில்லாத திருத்தம் தான் மட்டும் செல்லாமல் போவதோடு நிற்பதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். எழுதியவருக்கே இந்த ஏற்பாட்டில் திருப்தி இல்லை, பாருங்கள் எத்தனை அடித்தல் திருத்தல் என்று எதிர்த்தரப்பு அதைக் காட்டி உயில் முழுவதையும் ஆட்டிப் பார்க்கும். நல்ல உயிலைக் காப்பாற்றவே ஐந்தாறு ஆண்டுகள் நீதிமன்றத்துக்கு நடக்க நேரும்.

தங்கள் பதிலை எழுதியவர் எங்கே தடுமாறியிருப்பார் என்பதையும் என்னால் ஊகிக்க முடிகிறது. உயில் முழுவதையும் ஒருவர் தம் கைப்பட எழுதியிருந்தால், அது உண்மையானது என்று கருத அதுவே வலுவான அடையாளம் என்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. அது உண்மைதான். ஆனால் அங்கேயும் இரண்டு சாட்சிகள் வேண்டாம் என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. சாட்சியில்லாமல் முழுவதும் கைப்பட எழுதிய உயிலை ஏற்கும் சட்டம் அமெரிக்காவின் சில மாநிலங்களில் இருக்கிறது. நம் நாட்டில் இல்லை. சாட்சி இருக்கும் உயிலுக்குக் கையெழுத்து கூடுதல் பலம் தரும். சாட்சி இல்லாததற்கு அது ஈடாகாது.

பதிவு செய்த உயில் என்பதாலும் நிலைமை மாறிவிடாது. பதிவுச் சட்டம், 1908-இன் 18-ஆவது பிரிவின்படி உயிலைப் பதிவு செய்வது எழுதுகிறவரின் விருப்பம். பதிவு செய்தால் அதன் வாசகம் சார்பதிவாளர் அலுவலகத்தின் 3-ஆம் புத்தகத்தில் ஏறிவிடும். வீட்டில் இருக்கும் மூல உயிலில் நாம் எழுதும் ஒரு எழுத்தும் அந்தப் புத்தகத்துக்குப் போய்ச் சேராது. எழுதியவர் இறந்த பிறகு சான்று நகல் வாங்கி மூலத்தோடு வைத்துப் பார்க்கும்போது, எது முதலில் இருந்தது, எது பின்னால் நுழைந்தது என்பது பளிச்சென்று தெரிந்துவிடும். அந்த வாசகரின் தந்தை உயிலுக்கும் இதுவே நேரும். அதே சமயம், பதிவு செய்த உயிலை மாற்ற வேண்டுமானால் மாற்றத்தையும் பதிவு செய்தே ஆகவேண்டும் என்று பலர் நம்பிக்கொண்டு, அலைச்சலுக்கு அஞ்சி ஓரத்தில் எழுதி வைத்துவிடுகிறார்கள். அந்த நம்பிக்கையும் தவறு. முறையாகக் கையொப்பமும் இரண்டு சாட்சியும் உள்ள பதிவு செய்யாத பிந்தைய உயில், பதிவு செய்த முந்தைய உயிலை மாற்றும். வயதானவர்களை ஓரத்து எழுத்துக்குத் தள்ளுவது பெரும்பாலும் இந்தத் தேவையில்லாத அச்சம்தான் என்பது என் அனுபவம்.

சரியான வழி சட்டத்திலேயே இருக்கிறது. 71-ஆவது பிரிவின் பின்பகுதி தருகிற சலுகையைப் பலர் அறிவதில்லை. திருத்தத்துக்கு எதிரிலோ அருகிலோ, ஓரத்திலோ, எழுதியவர் கையொப்பமிட்டு இரண்டு சாட்சிகளும் கையொப்பமிட்டால் போதும். திருத்தப்பட்ட உயில் முறையாக நிறைவேற்றப்பட்டதாகவே கொள்ளப்படும். அல்லது உயிலின் கடைசியில், ‘இந்த உயிலின் 2-ஆம் பக்கம் 11-ஆம் வரியில் பின்கட்டு என்ற சொல்லை அடித்து, ஓரத்தில் நான்கு வரிகள் சேர்த்திருக்கிறேன்’ என்று ஒரு குறிப்பு எழுதி, அதன் கீழே மூவரும் கையொப்பமிடலாம். பழைய சாட்சிகளே வரவேண்டும் என்பதில்லை. சாட்சிகள் தங்கள் முழுப் பெயரையும் முகவரியையும் தேதியையும் எழுதினால் பின்னால் தேடிக் கண்டுபிடிக்க வசதி. எழுதியவரைவிட வயதில் இளையவர்களாக இருந்தால் இன்னும் நல்லது. ஏனென்றால் பாரதிய சாட்சிய அதினியம், 2023-இன் 67-ஆவது பிரிவின்படி, முன்பு சாட்சியச் சட்டத்தின் 68-ஆவது பிரிவாக இருந்தது அதுதான், உயிலை நிரூபிக்கச் சாட்சிகளில் ஒருவரையாவது, அவர் உயிரோடும் அழைக்கக்கூடிய நிலையிலும் இருந்தால், நீதிமன்றத்தில் விசாரித்தாக வேண்டும். திருத்தத்துக்குச் சாட்சியிட்டவருக்கும் இது பொருந்தும். சொத்துப் பெறுகிறவரையோ அவர் மனைவியையோ கணவரையோ சாட்சியாகப் போடக் கூடாது. கிறிஸ்தவர்களின் உயிலில் அப்படிச் சாட்சியிட்டவருக்கும் அவர் துணைக்கும் எழுதிவைத்தது வாரிசுரிமைச் சட்டத்தின் 67-ஆவது பிரிவின்படி செல்லாமலே போகும், மற்றவர்களின் உயிலில் சந்தேகத்துக்கு இடம் கொடுக்கும்.

ஒன்றிரண்டு சொற்களுக்கு மேல் மாற்றம் இருந்தால் உயிலைத் தொடவே வேண்டாம் என்பேன். இணைப்பு உயில் எழுதலாம். வழக்கறிஞர்கள் அதைக் கோடிசில் என்பார்கள். முந்தைய உயிலின் தேதியைச் சொல்லி, அதில் எந்த ஏற்பாட்டை மாற்றுகிறோம், எது அப்படியே இருக்கிறது என்று தனித் தாளில் எழுதி, உயிலுக்கு உள்ள அதே முறையில் கையொப்பமும் சாட்சியும் வாங்கினால், சட்டப்படி அது உயிலின் பகுதி ஆகிவிடும். அதைவிடத் தெளிவானது, முன்பு எழுதிய எல்லா உயில்களையும் ரத்து செய்கிறேன் என்று தொடங்கிப் புதிதாகவே எழுதிவிடுவது. உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை. வெள்ளைத் தாள் போதும். இரண்டு பக்கத்தைத் தட்டச்சு செய்ய ஆகும் செலவைப் பார்த்து ஓரத்தில் எழுதி வைக்கிற சிக்கனம், பின்னால் என்ன விலை கொள்ளும் என்பதை மேலே சொல்லிவிட்டேன்.

இதே போன்ற வேறு சில பழக்கங்களையும் கண்டிருக்கிறேன். உயிலின் குறுக்கே பெரிய எழுத்தில் ‘ரத்து’ என்று எழுதிக் கையொப்பமிட்டு வைத்துவிட்டு உயில் ஒழிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. வாரிசுரிமைச் சட்டத்தின் 70-ஆவது பிரிவின்படி, எழுத்தால் ரத்து செய்வதற்கும் இரண்டு சாட்சி வேண்டும், இல்லாவிட்டால் ரத்து செய்யும் எண்ணத்தோடு எரிக்கவோ கிழிக்கவோ வேறு வகையில் அழிக்கவோ வேண்டும். செராக்ஸ் நகலில் திருத்தி எழுதி, அதை மூலத்தோடு ஊசி குத்தி வைப்பவர்கள் உண்டு. திருத்தத்தின் மேல் நோட்டரி முத்திரை வாங்கிக்கொண்டால் போதும் என்று நம்புகிறவர்களும் உண்டு; முத்திரை சாட்சி ஆகாது, இரண்டு பேர் சாட்சிகளாகக் கையொப்பமிட்டாக வேண்டும். வங்கிக் கணக்கு எண்ணுக்கு இடம் விட்டுத் தட்டச்சு செய்து, சாட்சிகள் போன பிறகு நிரப்பிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். அதுவும் பின்னால் செய்த சேர்ப்புத்தான்.

கையொப்பத்துக்கு முன்பே நேர்ந்த தட்டச்சுப் பிழையைத் திருத்தினால்கூட, அந்த இடத்தில் எழுதியவரும் சாட்சிகளும் சுருக்கொப்பமிடுவதும், கடைசிப் பக்கத்தில் இத்தனை அடித்தல் திருத்தல் உண்டு என்று எண்ணிக்கையோடு குறிப்பதும் நம்முடைய பழைய ஆவண எழுத்தர்களின் வழக்கம். அர்த்தமுள்ள வழக்கம். எப்போது திருத்தியது என்று தெரியாத திருத்தத்தைக் கையொப்பத்துக்குப் பின் வந்ததாகவே உயில் வழக்கில் கருதுவார்கள்; முன்பே செய்தது என்று சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். பதிவுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவும், ஒப்பமிடாத அடித்தல் திருத்தல் உள்ள ஆவணத்தைப் பதிவுக்கு ஏற்க மறுக்கச் சார்பதிவாளருக்கு அதிகாரம் தருகிறது. கணினியில் தட்டச்சு செய்து பிழை திருத்தி அச்செடுக்கிற இந்தக் காலத்தில் அந்த வழக்கம் மறைந்துபோனது. அதோடு சேர்ந்து, உயிலில் ஒரு சொல்லை அடித்தாலும் மூன்று பேர் ஒப்பம் வேண்டும் என்கிற பொதுஅறிவும் மக்களிடமிருந்து மறைந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

ஆகவே உயில் தயாரித்துத் தரும் வழக்கறிஞர்களுக்கும் ஆவண எழுத்தர்களுக்கும் தட்டச்சு நிலையத்தாருக்கும் தங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். ஒவ்வொரு உயிலின் கடைசிப் பக்கத்திலும், சாட்சிக் கையொப்பங்களுக்குக் கீழே, ‘இதில் எந்த மாற்றம் செய்தாலும் என் கையொப்பமும் இரண்டு சாட்சிகளின் கையொப்பமும் அதன் அருகில் இருந்தால்தான் செல்லும்’ என்று ஒரு வரியைச் சேருங்கள். சட்டம் இதைக் கேட்கவில்லை. ஆனால் ஐந்தாறு ஆண்டுகள் கழித்து, தனியே உட்கார்ந்து பேனாவை எடுக்கிற ஒரு முதியவரின் கண்ணில் அந்த வரி படும். ஓய்வுபெறுவதற்கு முந்தைய கடைசிச் சில மாதங்களில் நான் தட்டச்சு செய்த எல்லா உயில்களிலும் அதைச் சேர்த்தேன். பதிவுக்கு வருகிற உயிலைத் திருப்பிக் கொடுக்கும்போது சார்பதிவாளர் அலுவலகத்தில் இதை வாயால் ஒருமுறை சொன்னாலும் போதும். அல்லது அங்கே சுவரில் ஒட்டியிருக்கும் அறிவிப்புகளோடு தமிழில் ஒரு தாளை ஒட்டலாம்.

தங்கள் பகுதியில் கேள்வி கேட்ட வாசகருக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஐயா, உங்கள் கடிதத்தைப் படித்தால் தங்கள் தந்தையார் நல்ல நினைவோடும் தெளிவோடும் இருக்கிறார் என்று தெரிகிறது. என் பெரியம்மாவுக்குக் கிடைக்காத வாய்ப்பு அவருக்கு இருக்கிறது. அவர் எழுதிய திருத்தத்தை இன்னும் அழிக்கவோ வேறு தாளுக்கு மாற்றவோ முயல வேண்டாம். நீங்கள் அதைத் தொடவே வேண்டாம். சொத்தில் பங்கில்லாத, நம்பிக்கையான அக்கம்பக்கத்தார் இருவரை அழையுங்கள். அவர்கள் முன்னிலையில் தந்தையார் ஒவ்வொரு திருத்தத்தின் பக்கத்திலும் மறுபடி முழுக் கையொப்பமிட்டுத் தேதி போடட்டும். அவர்களும் அதே இடத்தில், அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கையொப்பமிடட்டும். அதன் பிறகு வசதிப்படும்போது ஒரு வழக்கறிஞரைப் பார்த்துப் புதிய உயிலாகவே எழுதிக்கொள்ளலாம். முதலில் சொன்னது இந்த வாரமே நடக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வழக்கறிஞர் குமாஸ்தா ஒருவர்,
மன்னார்குடி.